பீல் புதையல்: மூன்று சங்கேதத் தாள்களும் ஒரே ஒரு சாட்சியும்

1885ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் என்னும் ஊரில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. விலை 50 சென்ட். 'பீல் ஆவணங்கள்' என்ற அந்த நூலை எழுதியவர் தம் பெயரை வெளியிடவில்லை. அவருக்கு முகவராக நின்று நூலைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் பி. வார்டு. பெட்ஃபோர்டு மாவட்டத்து மலையடிவாரத்தில் 1819லும் 1821லும் ஏராளமான பொன்னும் வெள்ளியும் புதைக்கப்பட்டன, அவற்றை இதுவரை யாரும் எடுக்கவில்லை என்பதே நூல் சொன்ன செய்தி. புதைத்தவர் விட்டுச்சென்றவை என்று மூன்று தாள்களையும் அது அச்சிட்டிருந்தது. மூன்றிலும் எண்களைத் தவிர வேறொன்றும் கிடையாது.

அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் பொருள் தெரிந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாக எவராலும் விடை காண முடியவில்லை. போர்க்காலச் சங்கேதங்களை உடைத்த அறிஞர்களும், கணினித் துறையின் முன்னோடிகளும், மண்வெட்டி பிடித்த எளிய மனிதர்களும் இதில் உழைத்திருக்கிறார்கள். புதையல் உண்மையா, சங்கேதங்கள் உண்மையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. கிடைக்கும் சான்றுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டால் இந்த விவாதத்துக்கு நியாயமான முடிவு ஒன்று உண்டு என்பது என் கருத்து. அந்த முடிவுக்கு எந்த வழியில் வந்து சேர்கிறோம் என்பது புதையலைவிட மதிப்புடையது.

நூல் சொல்லும் கதை

தாமஸ் ஜே. பீல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து முப்பது பேர் 1817இல் வர்ஜீனியாவிலிருந்து மேற்கு நோக்கிக் கிளம்புகிறார்கள். காட்டெருமையும் கரடியும் வேட்டையாடுவதே நோக்கம். அந்த ஆண்டின் குளிர்காலத்தை சான்டா ஃபே நகரில் கழிக்கிறார்கள். 1818இல் அந்நகருக்கு வடக்கே 250 முதல் 300 மைல் தொலைவில், பாறைப் பிளவு ஒன்றில் பொன்னைக் காண்கிறார்கள், வெள்ளியும் கிடைக்கிறது. அப்பகுதிப் பழங்குடி மக்களின் துணையோடு மாதக்கணக்கில் தோண்டி எடுத்ததை, பாதுகாப்புக் கருதி வர்ஜீனியாவுக்கே கொண்டுவந்து புதைப்பதென்று தீர்மானிக்கிறார்கள். முதலில் தேர்ந்துவைத்திருந்த குகையைச் சுற்றுப்புற விவசாயிகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுவைக்கப் பயன்படுத்தியதால், வேறு இடம் பார்த்துப் புதைத்ததாக நூல் கூறுகிறது.

1820 ஜனவரியில் பீல் லிஞ்ச்பர்க்கின் வாஷிங்டன் விடுதிக்கு வருகிறார். விடுதிக்காரர் ராபர்ட் மாரிஸ் நேர்மையானவர் என்று அவருக்குப் படுகிறது. இரண்டாண்டு கழித்து மறுபடி வந்தவர், பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றை மாரிஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். 1822 மே 9ஆம் தேதியிட்டு செயின்ட் லூயி நகரிலிருந்து ஒரு கடிதம் வருகிறது: பத்தாண்டுகளுக்குள் யாரும் வராவிட்டால் பெட்டியைத் திறக்கலாம், உள்ளிருக்கும் தாள்களைப் படிப்பதற்கான திறவுகோலை நண்பர் ஒருவர் 1832 ஜூனில் அனுப்புவார். அந்தத் திறவுகோல் வரவே இல்லை. பீலும் திரும்பவில்லை.

மாரிஸ் 1845இல் பெட்டியைத் திறக்கிறார். தமக்கு எழுதிய கடிதங்களையும் எண்கள் நிரம்பிய தாள்களையும் காண்கிறார். புதையலை முப்பத்தொரு பங்காக்க வேண்டும், முப்பது பங்கு கூட்டத்தாரின் உறவினர்களுக்கு, ஒரு பங்கு மாரிஸுக்கு என்கிறது பீலின் கடிதம். 1863இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, மாரிஸ் இந்த இரகசியத்தை ஒரு நண்பரிடம் சொல்கிறார். அந்த நண்பர்தான் பெயர் சொல்லாத நூலாசிரியர். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதில் மூழ்கி வறுமைப்பட்ட பின், உலகமே முயன்று பார்க்கட்டும் என்று எல்லாவற்றையும் அச்சேற்றிவிட்டதாக அவர் சொல்கிறார்.

இரண்டாம் தாள் திறந்த விதம்

இரண்டாம் தாளைத் திறந்த சாவி 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனம். முறை எளிது. பிரகடனத்தின் சொற்களுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் கொடுக்க வேண்டும். தாளில் ஓர் எண் வந்தால் அந்த எண்ணுக்குரிய சொல்லின் முதலெழுத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். தாள் 115, 73, 24, 807, 37 என்று தொடங்குகிறது. இன்ஸ்டிட்யூட்டட், ஹோல்டு, அனதர், வேல்யுபிள், ஈக்வல் ஆகிய சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஐ ஹேவ்' என்ற ஆங்கிலத் தொடர் கிடைக்கிறது. இப்படியே எழுநூற்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் வரிசையாகப் பொருள் தருகின்றன.

வெளிப்பட்ட செய்தி இது: ப்யூஃபோர்டு என்ற இடத்திலிருந்து நான்கு மைல் தொலைவில், நிலமட்டத்துக்கு ஆறடி கீழே, கல் பாவிய அறை. அதற்குள் மூடியிட்ட இரும்புப் பானைகள். 1819 நவம்பரில் வைத்தது 1,014 பவுண்டு எடைப் பொன், 3,812 பவுண்டு வெள்ளி. 1821 டிசம்பரில் வைத்தது 1,907 பவுண்டு பொன், 1,288 பவுண்டு வெள்ளி. இவற்றோடு, சுமையைக் குறைப்பதற்காக செயின்ட் லூயியில் மாற்றிக்கொண்ட 13,000 டாலர் மதிப்புள்ள நகைக் கற்கள். மொத்தப் பொன் சுமார் 1,325 கிலோ, வெள்ளி சுமார் 2,313 கிலோ. பொன்னுக்கு மட்டுமே இன்று பல நூறு கோடி ரூபாய் விலை பெறும். சரியான இடத்தை முதல் தாள் சொல்லும், ஆகவே கண்டுபிடிப்பதில் சிரமம் இராது என்று அந்தச் செய்தி முடிகிறது.

இந்த முறையின் வலிமை ஓர் எழுத்துக்குப் பல எண்கள் இருப்பதில் இருக்கிறது. சாதாரண சங்கேதத்தில் எந்தக் குறி அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்து, ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்தை ஊகித்துவிடலாம். இங்கே அதே எழுத்து ஓரிடத்தில் 37 என்றும் இன்னோரிடத்தில் வேறு எண்ணாகவும் வரும். எண்ணிக்கை வேறுபாடு மங்கிவிடும். மூலநூல் எதுவென்று தெரியாதவருக்கு வழி அநேகமாக அடைபட்டுப் போகும். மற்ற இரு தாள்கள் உண்மையான செய்தியைத் தாங்கியிருந்தாலும் இவ்வளவு காலம் திறக்கப்படாமல் இருக்க முடியும் என்பதை இதிலிருந்தே ஒப்புக்கொள்ள வேண்டும். திறக்க முடியவில்லை என்பதாலேயே அவை பொய் என்று சொல்வது நியாயமாகாது.

நம்புவோரின் வாதம்

நம்புவோர் தரப்பில் எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாத வாதங்கள் உண்டு. கதையில் வரும் மாரிஸ் வாழ்ந்த மனிதர். லிஞ்ச்பர்க்கில் அவருக்கு நற்பெயர் இருந்தது. ப்யூஃபோர்டு என்பதும் உண்மையான இடம். ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் ப்யூஃபோர்டு குடும்பத்தார் சத்திரம் நடத்திய அந்த ஊர் இன்று மான்ட்வேல் என்று அழைக்கப்படுகிறது. ஒரு தாள் முழுமையாகப் பொருள் தந்திருக்கிறது. அதே பெட்டியில் இருந்த மற்ற இரண்டும் பொருளற்றவையாக ஏன் இருக்க வேண்டும்?

இந்த வாதத்துக்கு அறிவியல் பலம் சேர்த்தவர் ஸ்பெரி யுனிவாக் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஹேமர். 1970களின் தொடக்கத்தில் கணினியின் துணைகொண்டு மூன்று தாள்களையும் ஆராய்ந்த அவர், முதல் தாளிலும் மூன்றாம் தாளிலும் உள்ள எண்கள் கண்மூடித்தனமாகத் தூவப்பட்டவை அல்ல, இரண்டாம் தாளை ஒத்த முறையில் உருவானவை என்று கண்டார். கணினித் துறையில் மதிப்புப் பெற்ற ஒருவர் இவ்வாறு சொன்னது தேடுவோருக்குப் பெரும் ஊக்கம் தந்தது. பீல் சங்கேதங்களை ஆராய்வதற்கென்றே ஒரு சங்கமும் அமைந்தது. அமெரிக்காவின் தலைசிறந்த மறைகுறியியலாளர் வில்லியம் ஃப்ரீட்மன், தம்மிடம் பயின்றவர்களுக்கு இந்தத் தாள்களைப் பயிற்சியாகக் கொடுத்தார். இத்தகையோர் பொழுதைச் செலவிட்ட புதிரை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கலாமா என்று நம்புவோர் கேட்பது நேர்மையான கேள்வி.

ஒரே சாட்சி

வரலாற்று ஆய்வில் முதலில் கேட்க வேண்டியது, இந்தச் செய்தி யாரிடமிருந்து வருகிறது என்பது. பீல் பற்றியும், முப்பது பேர் பற்றியும், பெட்டி, கடிதங்கள், தாள்கள் பற்றியும் நாம் அறிந்த அனைத்தும் 1885ஆம் ஆண்டின் அந்த ஒரே நூலிலிருந்து வருபவை. பீல் கைப்பட எழுதியதாகச் சொல்லப்படும் மூலத்தாள்களை வெளியாள் எவரும் பார்த்ததாகப் பதிவில்லை. மாரிஸ் இறந்து 22 ஆண்டுக்குப் பிறகுதான் நூல் வந்தது. அவரிடம் கேட்டறியவும் வழியில்லை. பீல் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். ஆனால் இந்தப் பயணத்தோடு தொடர்புபடுத்தக்கூடிய தாமஸ் ஜே. பீல் ஒருவர் உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. முப்பது ஆண்கள் வர்ஜீனியாவிலிருந்து போய்த் திரும்பாமலே இருந்தால் முப்பது குடும்பங்கள் தேடியிருக்கும். சொத்து வழக்குகளும், செய்தித்தாள் அறிவிப்புகளும், மனைவியரின் கடிதங்களும் எஞ்சியிருக்கும். அந்தத் தடயங்கள் எங்கே?

நூலை வெளிச் சான்றுகளோடு ஒப்பிடக்கூடிய இடங்களிலும் அது தடுமாறுகிறது. 1982இல் ஜோ நிக்கல் என்ற ஆய்வாளர் வர்ஜீனியா வரலாற்று இதழில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மாரிஸ் வாஷிங்டன் விடுதியை ஏற்று நடத்தத் தொடங்கியது 1823இன் இறுதியில் என்பதை அக்காலச் செய்தித்தாளைக் கொண்டு அவர் காட்டினார். நூலின்படி பீல் அந்த விடுதியில் மாரிஸின் விருந்தினராகத் தங்கியது 1820லும் 1822லும். மாரிஸை நன்கறிந்த நண்பர் எழுதிய உண்மை வரலாற்றில் இந்தப் பிழை வருவது கடினம். பிற்காலத்தில் பழைய விடுதிக்காரர் ஒருவரை நினைவில் வைத்துக் கதை புனைந்தவருக்கு இது எளிதில் நேரக்கூடியது.

பீலின் கடிதங்களில் வரும் சில சொற்கள் 1822இல் புழக்கத்தில் இருந்தனவா என்ற கேள்வியும் எழுந்தது. இதற்கு நான் பெரிய எடை தரமாட்டேன்; அச்சில் ஏறுமுன் பல ஆண்டுகள் பேச்சில் வாழும் சொற்கள் எம்மொழியிலும் உண்டு. பீலின் நடையும் பெயரிலா ஆசிரியரின் நடையும் வெகுவாக ஒத்துப்போகின்றன என்ற கண்டுபிடிப்பு அதைவிடக் கனமானது. அறுபது ஆண்டு இடைவெளியில் எழுதிய இரு வேறு மனிதர்கள் வாக்கியம் அமைப்பதில் ஒரே பழக்கம் கொண்டிருந்தது ஏன் என்பதற்கு நம்புவோர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சான்டா ஃபே எழுப்பும் தடை

1817இல் சான்டா ஃபே ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த எல்லைப்புற நகரம். அங்கே வரும் அமெரிக்கர்களை ஸ்பானிய அதிகாரிகள் கடும் ஐயத்தோடு பார்த்தார்கள். படை அதிகாரி செபுலன் பைக் 1807இல் பிடிக்கப்பட்டார். 1812இல் வணிகம் செய்யப் போன மெக்நைட் குழுவினர் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார்கள். சூட்டோவும் டி மனும் தலைமை தாங்கிய குழு 1817இலேயே கைதாகி, சரக்குகளைப் பறிகொடுத்துத் திரும்பியது. மெக்சிகோ விடுதலை பெற்ற 1821க்குப் பிறகுதான் அமெரிக்க வணிகர்களுக்கு அந்தப் பாதை திறந்தது.

இந்தப் பின்னணியில் நூலின் கூற்றைப் பாருங்கள். ஆயுதம் தரித்த முப்பது அமெரிக்கர்கள் 1817 குளிர்காலத்தில் சான்டா ஃபே நகரிலேயே தங்குகிறார்கள். அடுத்த ஆண்டு முதல் வடக்கே சுரங்கவேலை செய்கிறார்கள். முதல் தடவையிலேயே இரண்டு டன்னுக்கு மேற்பட்ட உலோகத்தை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகிறார்கள். யார் கண்ணிலும் இது படவில்லை. ஒரு ஸ்பானிய அதிகாரியின் அறிக்கையிலும் ஒரு வணிகரின் நாட்குறிப்பிலும் இடம்பெறவில்லை. முப்பது பேரில் ஒருவர்கூட வாய் தவறிச் சொல்லவில்லை. இவற்றில் ஒன்று நடந்திருக்கலாம். அனைத்தும் சேர்ந்து நடந்தன என்று ஏற்க நூலின் வாக்குமூலம் மட்டும் போதாது.

சான்டா ஃபேக்கு வடக்கே முந்நூறு மைல் என்பது இன்றைய கொலராடோ மாநிலம். அங்கே பொன் இருப்பது அமெரிக்கர்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது 1858–59இல். லெட்வில் பகுதியின் வெள்ளி 1870களின் பிற்பகுதியில் நாடெங்கும் பேசப்பட்டது. ஆக, 1885இல் எழுத உட்கார்ந்த ஒருவருக்குப் பொன்னும் வெள்ளியும் சேர்ந்து கிடைக்கும் மலை என்றதும் கொலராடோ மனத்தில் வருவது இயல்பு. கதை நடந்ததாகச் சொல்லும் காலத்தைவிட, கதை எழுதப்பட்ட காலத்தின் அறிவையே நூலின் புவியியல் காட்டுகிறது.

கதை வடிவத்துக்கும் முன்மாதிரி இருந்தது. எட்கர் ஆலன் போவின் 'தி கோல்டு பக்' கதை 1843இல் வெளிவந்தது. சங்கேதம் ஒன்றை உடைத்துக் கடற்கொள்ளையர் புதையலைக் கண்டெடுக்கும் கதை அது. அமெரிக்க வாசகர்களிடையே பெரும்புகழ் பெற்றது. பீல் ஆவணங்களை எழுதியவரே போதான் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். 1849இல் இறந்த போவுக்கு 1860களின் நிகழ்ச்சிகளைச் சொல்லும் நூலை உரிமையாக்குவது பொருந்தாது. அவருடைய கதையைப் படித்த ஒருவர் எழுதியிருக்கலாம் என்பது முற்றிலும் பொருந்தும்.

தாள்களே தரும் வாக்குமூலம்

இதுவரை பார்த்தவை கதையைப் பற்றிய ஐயங்கள். சங்கேதத் தாள்களின் உள்ளிருந்தே எழும் சான்றுகள் இவற்றைவிட வலியவை.

முதலில் மூன்றாம் தாளை எடுத்துக்கொள்வோம். முப்பது பேரின் பெயர்களும் இருப்பிடங்களும் அதில் உள்ளன என்கிறது நூல். தாளில் இருப்பவை 618 எண்கள். ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்து. முப்பதால் வகுத்தால் ஒருவருக்கு ஏறத்தாழ இருபது எழுத்து. ராபர்ட் மாரிஸ், லிஞ்ச்பர்க் என்பதை ஆங்கிலத்தில் எழுதினாலே 22 எழுத்து ஆகிறது. பங்கு யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அந்த உறவினரின் பெயருக்கு இடமே இல்லை. முதற்பெயர்களைச் சுருக்கி, ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்து எழுதினால் ஓரளவு அடக்கலாம். ஆயினும் இரண்டாம் தாளில் எண்களைக்கூடச் சொற்களாக விரித்து எழுதியவர் இங்கே மட்டும் இவ்வளவு சிக்கனம் காட்டினார் என்று கொள்வது வலிந்து பொருந்தவைப்பதாகும். பங்கு பிரிக்க வேண்டிய மாரிஸை நம்பிப் பெட்டியைக் கொடுத்தவர், பங்காளிகளின் பெயர்களை அவரிடமிருந்தே தனிச் சங்கேதத்தில் மறைத்ததற்கும் காரணம் தெரியவில்லை.

அடுத்தது ஜேம்ஸ் கில்லக்லி 1980இல் 'கிரிப்டோலாஜியா' இதழில் வெளியிட்ட கண்டுபிடிப்பு. இந்த விவாதத்தின் திருப்புமுனை என்று அதையே சொல்ல வேண்டும். இரண்டாம் தாளுக்குரிய அதே விடுதலைப் பிரகடனத்தை அவர் முதல் தாளின் மேல் வைத்துப் பார்த்தார். முதல் தாளில் 520 எண்கள். அவற்றுள் மிகப் பெரியது 2,906. பிரகடனத்தில் இருப்பவையோ ஏறத்தாழ 1,320 சொற்கள். ஆகவே அது முதல் தாளின் சாவியாக இருக்க முடியாது. எதிர்பார்த்தபடியே பொருளற்ற எழுத்துக் குவியல்தான் கிடைத்தது. ஆனால் அந்தக் குவியலின் நடுவே ஒரு தொடர் அவர் கண்ணில் பட்டது. ஏ, பி, எஃப், டி, இ, எஃப், ஜி, எச், ஐ, ஐ, ஜே, கே, எல், எம், எம், என், ஓ, எச், பி, பி. ஆங்கில நெடுங்கணக்கே ஏறத்தாழ வரிசை மாறாமல் வந்து நிற்கிறது. பிசகியிருக்கும் இரண்டு இடங்களும் விளக்கத்துக்கு உட்பட்டவை. மூன்றாவதாக வரும் எஃப் எழுத்துக்குரிய எண் 195. அதற்கு முந்தைய 194ஆம் சொல் சி எழுத்தில் தொடங்குகிறது. கடைசியில் வரும் எச் எழுத்துக்குரிய எண் 301. அடுத்த 302ஆம் சொல் ஓ எழுத்தில் தொடங்குகிறது. பட்டியலில் ஒரு வரி தவறிப் பார்த்த கையின் பிழைகள் இவை.

தற்செயலாக இப்படி நேர்வதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. கோடியில் ஒன்று என்பதையும் தாண்டிய சிறுமை. எனவே முதல் தாளைச் செய்தவரின் கையில் விடுதலைப் பிரகடனத்திலிருந்து தயாரித்த எழுத்து–எண் பட்டியல் இருந்திருக்கிறது. ஏ எழுத்துக்குரிய எண்கள், பி எழுத்துக்குரிய எண்கள் என்று அகரவரிசையில் அமைந்த அந்தப் பட்டியலில் மேலிருந்து கீழாக எண்களை எடுத்துத் தாளை நிரப்பிக்கொண்டே போயிருக்கிறார் என்பதே இதற்கு மிக எளிய விளக்கம். செய்தி எதையும் மறைக்காத ஒருவர்தான் இப்படி நிரப்புவார்.

இதற்கு நம்புவோர் ஒரு மறுமொழி தருகிறார்கள். செய்தியை முதலில் வேறொரு முறையில் மாற்றி, பிறகு பிரகடனத்தால் இரண்டாம் முறை மறைத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அப்படி இருக்க முடியாது என்று நிறுவ இயலாது. ஆனால் பிரகடனத்தில் இல்லாத பெரிய எண்களுக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. அத்துடன் கில்லக்லி எதையும் பொய்யென்று சொல்லும் அவசரக்காரர் அல்லர், சி.ஐ.ஏ. தலைமையகத்தில் நிற்கும் 'கிரிப்டோஸ்' சிற்பத்தின் முதல் மூன்று பகுதிகளுக்கு 1999இல் விடைகண்டு அறிவித்தவர். திறக்கக்கூடிய பூட்டைத் திறந்து காட்டியவர் அவர்.

ஹேமரின் முடிவையும் இப்போது மறுபடி பார்க்க வேண்டும். எண்கள் கண்டபடி தூவப்பட்டவை அல்ல, இரண்டாம் தாளை ஒத்தவை என்று அவர் சொன்னது சரியே. அதே பட்டியலிலிருந்து எடுத்த எண்கள் அப்படித்தான் ஒத்திருக்கும். புதையலுக்கு ஆதரவாக எடுத்துக்கொள்ளப்பட்ட முடிவு, புனைவுக்கும் அதே அளவு பொருந்துகிறது. 2020இல் விக்டர் வாசே என்ற ஆய்வாளர் எண்களின் கடைசி இலக்கங்களைப் புள்ளியியல் முறையில் சோதித்தார். நூல் ஒன்றின் சொல்வரிசையிலிருந்து பிறந்த எண்ணுக்குப் பத்தடிமான எழுத்துமுறை எந்தச் சிறப்பும் உடையதல்ல. மனத்தில் தோன்றியபடி எண் எழுதும் மனிதருக்கு அதுவே பழக்கம். விடை காணாத இரு தாள்களிலும் அந்த மனிதப் பழக்கத்தின் சாயல் தெரிகிறது என்பது அவருடைய முடிவு.

தேடியவர்கள் கொடுத்த விலை

ரோனோக் நகரைச் சேர்ந்த கிளேட்டன், ஜார்ஜ் ஹார்ட் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேடத் தொடங்கினார்கள். எண்களோடு போராடிச் சலித்தபின், ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவரின் துணையையும் நாடினார்கள். வெடிமருந்து வைத்தும் தோண்டினார்கள். கிளேட்டன் பல ஆண்டுகளை இதற்குக் கொடுத்தார். கடலடிப் புதையல்களைக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற மெல் ஃபிஷரும் பெட்ஃபோர்டில் தோண்டி வெறுங்கையோடு திரும்பினார். கல்லறைத் தோட்டத்தைத் தோண்டியதற்காகக் கைதானவர்களும் உண்டு. அந்த மாவட்டத்து நிலவுடைமையாளர்கள் அனுமதியின்றி வந்து குழி பறிப்பவர்களால் தலைமுறை தலைமுறையாகத் தொல்லைப்பட்டிருக்கிறார்கள். ஓய்வு நேரத்தை மட்டுமே இதற்குக் கொடுங்கள் என்று நூலாசிரியர் தம் வாசகர்களை எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையைப் பலர் கேட்கவில்லை. குடும்பத்தையும் சேமிப்பையும் இழந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. விடை காணக்கூடிய கேள்வி என்று நம்பி உழைத்தவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை ஊட்டியது திறந்துகிடக்கும் இரண்டாம் தாள்.

ஆண்டுதோறும் விடை கண்டதாக யாரேனும் அறிவிக்கிறார்கள். அவற்றைச் சோதிக்க மூன்று கேள்விகள் போதும். சாவியாகப் பயன்பட்ட மூலநூல் எது? ஒரே விதியைத் தாள் முழுவதற்கும் மாற்றாமல் கையாண்டார்களா? அந்த விதியை வாங்கிக்கொண்ட இன்னொருவர் தனியாகச் செய்தாலும் அதே விடை வருமா? தேவைப்பட்ட இடத்தில் எண்ணைத் திருத்தியும் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் பெற்ற விடை, விடை கண்டவரின் கற்பனையையே திருப்பிக் காட்டும். 1969இல் கலிஃபோர்னியாவின் 'ஸோடியாக்' கொலையாளி அனுப்பிய 340 குறிகள் கொண்ட சங்கேதம் 51 ஆண்டுகள் திறக்கப்படாமல் கிடந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் நாடுகளைச் சேர்ந்த மூவர் அதை உடைத்தபோது இந்தச் சோதனையில் அது தேறியது, எஃப்.பி.ஐ. அதை உறுதிசெய்தது. பீல் தாள்களுக்குச் சொல்லப்பட்ட எந்த விடையும் இதுவரை இப்படித் தேறவில்லை.

முடிவு

சான்றுகளைத் தொகுத்துப் பார்க்கிறேன். கதைக்குச் சாட்சி ஒருவரே. அவரும் பெயர் சொல்லாதவர். மூலத்தாள்கள் இல்லை. விடுதியைப் பற்றிய செய்தி பிழையானது. சான்டா ஃபே பயணம் அக்கால நிலைமைக்கு முரணானது. மூன்றாம் தாள் தன் வேலைக்குப் போதாத அளவில் இருக்கிறது. முதல் தாளில் பட்டியலைப் பார்த்து நிரப்பிய கையின் தடம் தெரிகிறது. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நின்றால் மறுமொழி சொல்லிவிடலாம். ஒன்றையொன்று சாராத இத்தனை சான்றுகளும் ஒரே திசையைக் காட்டும்போது முடிவு தெளிவாகிறது. பீல் புதையல் இருந்ததில்லை. இரண்டாம் தாள் நம்பவைப்பதற்காகத் திறமையோடு செய்யப்பட்ட உண்மையான சங்கேதம். முதல் தாளும் மூன்றாம் தாளும் பெரும்பாலும் எந்தச் செய்தியையும் தாங்கியிருக்கவில்லை. நூல் விற்பதற்காக 1880களில் புனையப்பட்ட படைப்பு இது.

இந்த முடிவை மாற்றக்கூடிய சான்று எதுவென்பதையும் சொல்லிவிடுவது ஆய்வாளரின் கடமை. 1885க்கு முன் எழுதப்பட்டதென உறுதிப்படும் ஒரே ஒரு ஆவணம் இந்தப் பயணத்தையோ பெட்டியையோ குறிப்பிட்டால் போதும். அல்லது ஒரு மூலநூலைக் காட்டி, மாறாத ஒரே விதியால் முதல் தாளின் 520 எண்களையும் யாரேனும் படித்துக் காட்டட்டும். அன்று நான் மேலே எழுதிய தீர்ப்பைத் திரும்பப் பெறுவேன். அதுவரை, பெட்ஃபோர்டுக்கு மண்வெட்டியோடு போக நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேட வேண்டிய இடம் பிறருடைய நிலமும் கல்லறைகளும் அல்ல. வர்ஜீனியாவின் பழைய செய்தித்தாள்களிலும், நீதிமன்றப் பதிவுகளிலும், ஸ்பானிய ஆவணக் காப்பகங்களிலும் தேடுங்கள். அங்கே பீலின் பெயர் கிடைத்தால் மட்டுமே மண்ணைத் தோண்டுவதற்குக் காரணம் பிறக்கும்.